அப்பா மறைச்ச இடது கை

எங்க அப்பாவுக்கு மூணு பேரு. கோயில் பக்கம் போனா "வாத்தியாரே"ம்பாங்க, அங்க சிலம்பம் சொல்லிக்கொடுத்ததால. பர்மாக்காரங்க "மியெலெ ஸயா"ம்பாங்க, மேஜிக் காட்டுறவருங்கிறதால. அடையாள அட்டையில வேற ஒரு பர்மாப் பேரு இருந்துச்சு, அதை ஆபீஸ்ல வரிசையில நிக்கும்போது தவிர வேற எங்கயும் யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்ல. மியென்னா கண்ணு, லென்னா திருப்புறது. நம்ம கண்கட்டு வித்தைன்னு சொல்றோம், அவங்க கண்ணைத் திருப்புறதுன்னு சொல்றாங்க, அப்பா ரெண்டுல பர்மா வார்த்தைதான் சரின்னு சொல்லுவாரு. "யாரு கண்ணையும் கட்ட முடியாது பாப்பா, திருப்பத்தான் முடியும்."

நாங்க இருக்கிறது பர்மாவுல, ரங்கூனுக்கு ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற சிரியத்துல, இப்ப "தான்லியின்"னு சொல்றாங்க. 1993ல பாலம் வர்ற வரைக்கும் ரங்கூனுக்குப் போட்லதான் போகணும். அப்பாவோட மேஜிக் பெட்டியும் ஒரு கட்டு கம்பும் போட்ல ஏறினா படகுக்காரரு காசு வாங்க மாட்டாரு, பதிலுக்கு ஒரு காசு வித்தை காட்டணும். போகும்போது காட்டினதையே திரும்பி வரும்போதும் காட்டச் சொல்லிக் கேட்பாரு, அப்பா காட்டவே மாட்டாரு, வேற ஒண்ணுதான் காட்டுவாரு. எனக்கு அப்ப புரியல. மொத தடவை பார்க்கிறவன் என்ன நடக்கும்னு பார்க்கிறான், ரெண்டாவது தடவை எப்படி நடக்குதுன்னு பார்க்க ஆரம்பிச்சிருவான். அதனால ஒரே ஆளுக்கு ஒரே வித்தையை ரெண்டு தடவை காட்டக்கூடாது, எவ்வளவு கெஞ்சினாலும். புதுசா மேஜிக் கத்துக்கிற பசங்க எல்லாரும் தோத்துப் போற இடம் இதுதான், கைதட்டல் வந்த உடனே "இன்னொரு தடவை"ன்னு ஆரம்பிச்சிருவாங்க.

சிலம்பம் தாத்தாகிட்ட இருந்து வந்தது. தாத்தா ராமநாதபுரம் பக்கத்துல இருந்து நெல்லு வேலைக்கு வந்தவரு. 1964ல நாட்டுல கடை கண்ணி எல்லாத்தையும் அரசாங்கம் எடுத்துக்கிட்டு, அதே வருஷம் மே மாசம் 50, 100 சாட் நோட்டு (சாட்னா பர்மா பணம்) செல்லாதுன்னும் சொன்னப்ப, சின்ன தாத்தா குடும்பம் கப்பல் ஏறி மெட்ராஸ் போயிருச்சு. போன இடம் பிடிக்காம திரும்பி பர்மாவுக்கே வந்திரலாம்னு மணிப்பூர் வழியா கிளம்பி, எல்லையில மறிச்சதும் மோரேயிலயே தங்கிட்டாங்க, இன்னைக்கும் அந்த ஊர்ல தமிழாளுங்க இருக்காங்க, கோயிலு இருக்கு. எங்க தாத்தா போகல. காரணம் கேட்டா "மாடு இருந்துச்சு"ன்னு மட்டும் சொல்லுவாராம். அப்பாவுக்கு அப்ப 19 வயசு.

மேஜிக் வந்த கதை வேற. அப்பா சின்ன வயசுல ரங்கூன்ல மொகல் தெருப் பக்கம் ஒரு லபெயே கடையில கிளாஸ் கழுவிக்கிட்டு இருந்தாரு (லபெயேன்னா டீ). அங்க ஒரு வயசான பாய் டெய்லி வந்து டீயைச் சாசர்ல ஊத்திக் குடிச்சிக்கிட்டே மேசையில மூணு பித்தளைச் செப்பை கவுத்து வச்சு பந்து விளையாட்டு காட்டுவாராம். செப்பிடு வித்தைன்னு நம்ம பேசுறோமே, அதுதான். அவரு கடைசியில கண்ணு தெரியாம ஆனப்ப அந்த மூணு செப்பையும் அப்பாகிட்ட குடுத்துட்டாரு. அது இப்ப என்கிட்ட இருக்கு, ஒண்ணுல விளிம்பு நசுங்கியிருக்கு.

நான் ஒரே பொண்ணு. எட்டு வயசுல இருந்து அப்பாவுக்கு ஸ்டேஜ்ல அசிஸ்டென்ட். சைக்காக் பயா திருவிழா (பயான்னா புத்தர் கோயில்), ஷின்ப்யூ வீடுங்க (பர்மாக்காரங்க பசங்களுக்கு துறவு குடுக்கிற விசேஷம்), நம்ம கோயில் தீமிதி, கல்யாணம், எல்லாத்துக்கும் போவோம். பர்மாக்காரங்க முன்னாடி பர்மாவுல பேசுவாரு, நம்மாளுங்க முன்னாடி தமிழ்ல, ஆனா ஒரே ஜோக்கை மொழி மாத்திச் சொல்ல மாட்டாரு, ஏன்னா சிரிப்பு வர்ற இடம் மாறிடும், சிரிப்பு வர்ற அந்த ஒரு நொடியிலதான் கை வேலை செய்யணும். இது நான் பெரியவளானதும் தானா கண்டுபிடிச்சது. ஜனங்க சிரிக்கும்போது பார்க்கிறதை விட்டுர்றாங்க. கேள்வி கேட்டா பதில் யோசிக்கும்போது விட்டுர்றாங்க. நம்ம எதைப் பார்க்கிறோமோ அதைத்தான் அவங்களும் பார்க்கிறாங்க, அதனால பொய்க் கையை நாமளே நம்பிப் பார்க்கணும், கள்ளக் கையை ஒரு தடவை கூடத் திரும்பிப் பார்க்கக் கூடாது. பெரிய அசைவு சின்ன அசைவை மூடும். இவ்வளவுதான். மீதி எல்லாம் கண்ணாடி முன்னாடி உக்காந்து ஆயிரம் தடவை பண்றது, அதுக்குக் குறுக்கு வழி கிடையாது. வித்தையோட ரகசியத்தை இங்க எழுதமாட்டேன், அப்பா சாமியா வந்து கம்பால அடிப்பாரு.

அம்மாவைப் பத்தி யாரும் சொல்ல மாட்டாங்க, நான் சொல்லிடறேன். அந்தக் கோட்டுல எத்தனை பாக்கெட்டுன்னு தெரியுமா? ஒன்பது. எல்லாம் அம்மா தச்சது. கை தானா தொங்கினா விரல் எங்க படுதோ அங்கதான் பாக்கெட் வாய் இருக்கணும், ஒரு விரற்கடை மேல போனாலும் முழங்கை மடங்கும், முழங்கை மடங்கினா ஜனத்துக்குத் தெரிஞ்சிரும். அம்மா அப்பாவை நிக்க வச்சு சாக்பீஸால கோட்டுல குறி வைப்பாங்க. 

1987 செப்டம்பர் 5 எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, எனக்கு ஒன்பது வயசு. 25, 35, 75 சாட் நோட்டு செல்லாதுன்னு ரேடியோவுல சொன்னாங்க, மாத்திக்கவும் முடியாது. அப்பா ஷோ காசு பூரா பிஸ்கட் டின்னுல 75ஆ வச்சிருந்தாரு. கொஞ்ச நாள்ல 45, 90ன்னு புது நோட்டு விட்டாங்க, ரெண்டுமே ஒன்பதால வகுபடும், ஒன்பது ராசியான நம்பராம். அன்னைக்கு ராத்திரி அம்மா அழுதுக்கிட்டு இருந்தாங்க, அப்பா டின்னைத் திறந்து ஒரு 75 நோட்டை எடுத்து என் முன்னாடி நாலாக் கிழிச்சு, ஊதி, முழுசாக்கிக் காட்டினாரு. நான் கை தட்டினேன். அப்புறம் அதை அம்மா மடியில வச்சு, "கிழிஞ்சதை ஒட்டிட்டேன், மதிப்பை ஒட்டுற வித்தை மட்டும் எனக்குத் தெரியாது"ன்னாரு. அம்மா அழுகையிலயே சிரிச்சிட்டாங்க. அந்த வித்தையை வெளிய எங்கயும் காட்டல, காட்டியிருந்தா உள்ள போயிருப்பாரு.

சிலம்பம் எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கல. பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்குன்னு தாத்தா சொல்லிட்டாரு. கோயில் முற்றத்துல சனி ஞாயிறு காலையில பசங்களுக்குக் கிளாஸ், நான் ஓரமா உக்காந்து கம்புக்கு எண்ணெய் போடுவேன். தமிழ்ப் பள்ளிக்கூடம்னு தனியா எதுவும் இல்லாததால அந்த கிளாஸ்தான் பாதி பசங்களுக்குத் தமிழ் கிளாஸ். ஸ்கூல்ல பூரா பர்மா பாஷை, வீட்லயும் பர்மா, ஆனா ஒன்னுலேர்ந்து பதினாறு வரைக்கும் காலடி எண்ணிக்கை தமிழ்ல, வலது இடது தமிழ்ல, வீச்சு தட்டு குத்து எல்லாம் தமிழ்ல. தமிழே பேச வராத ஒரு பையன் "இடது கால் முன்ன, தட்டு, திரும்பு"ன்னு மட்டும் சுத்தமா சொல்லுவான். கிளாஸ் முடிஞ்சதும் எழுத்து எழுதணும். ங-வுக்கு மட்டும் ஊர்ல வார்த்தை கிடையாதுன்னு சொல்லுவாங்க, எங்களுக்கு இருக்கு, ஙாப்பி. மீன் உப்புல போட்டுப் பதப்படுத்தினது, அரை மைல் தூரத்துக்கு வாசம் வரும். அப்பா அதையே போர்டுல எழுதிப் போட்டாரு.

ஒரு நாள் அப்பா நான் விறகு கம்பை வச்சு ஒத்தையில சுத்திக்கிட்டு இருக்கிறதைப் பார்த்துட்டாரு. திட்டுவாருன்னு நெனச்சேன். கிட்ட வந்து என் புருவத்துல கையை வச்சு, கம்பு உன் புருவம் வரைக்கும்தான் இருக்கணும், இது நீளம்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. மறுநாள் என் அளவுக்கு ஒரு கம்பு மூலையில சாத்தி இருந்துச்சு. 

கம்பு தேர்ந்தெடுக்கிறதுக்கு அப்பா முறை இதுதான், யாருக்காவது உதவும். இளம் மூங்கில் வேண்டாம், பச்சை போயி நிறம் மங்கின முத்தின மூங்கிலா, கணு நெருக்கமா, உள்ள ஓட்டை சின்னதா இருக்கிறதா பாருங்க. வெட்டின உடனே வீட்டுக்குள்ள வைக்காதீங்க, பூச்சி துளைச்சிரும், மூங்கில்ல இருக்கிற மாவுச்சத்துக்குத்தான் அது வருது. ஓடுற தண்ணியில ரெண்டு வாரம் ஊறப் போடுவாரு, அந்தச் சத்து கரைஞ்சு போயிரும். அப்புறம் நிழல்ல காய வைக்கணும், வெயில்ல போட்டா வெடிக்கும். கோணலை நெருப்புல லேசா வாட்டி நிமித்துவாரு. கணுவை எல்லாம் தேய்ச்சு வழுவழுன்னு ஆக்கணும், இல்லன்னா உள்ளங்கை கிழியும். மாசத்துக்கு ஒரு தடவை எண்ணெய். சின்னப் பசங்களுக்கு மெல்லிசு கம்பு குடுங்க, கனமானதைக் குடுத்தா மணிக்கட்டு போயிரும், அப்பா தன் மணிக்கட்டைக் காட்டி சொல்லுவாரு, தாத்தா பண்ணின தப்பு இதுன்னு.

மொத மூணு மாசம் கம்பே குடுக்க மாட்டாரு, காலடி மட்டும்தான். சிமென்ட் தரையில சாக்பீஸால கட்டம் போட்டு, கட்டத்துக்குள்ள கால் வைக்கணும். யாராவது நின்ன இடத்துலயே நின்னா, "என்னடா, காலு வேர் விட்டுருச்சா?"ன்னு ஒரு சத்தம். இந்த வார்த்தையை ஞாபகம் வச்சுக்கோங்க.

எதிராளியோட விளையாடும்போது கம்பு நுனியைப் பார்க்கக் கூடாதும்பாரு. நுனி வேகமானது, கண்ணு அதைப் பிடிக்கப் போனா நீ தோத்த. தோளைப் பாரு. கை எங்க போகப்போகுதுன்னு தோளுக்கு மொதல்ல தெரியும். இங்கதான் எனக்கு சின்ன வயசுல குழப்பம். ஸ்டேஜ்ல இதே மனுஷன் ஜனங்களை நுனியைப் பார்க்க வைக்கிறாரு, காலையில முற்றத்துல நுனியைப் பார்க்காதேன்னு அடிக்கிறாரு. கேட்டேன் ஒரு தடவை. "ரெண்டும் ஒரே பாடம்தான், உக்கார்ற பக்கம் வேற"ன்னு சொல்லிட்டு பீடா போட்டுக்கிட்டாரு.

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன், இவ்வளவு நேரம் சுத்தி வளைச்சதுக்குக் காரணம் இதைச் சொல்ல இன்னும் கஷ்டமா இருக்கிறதுதான்.

2012, 13 வாக்குல அப்பா காசு வித்தையை நிறுத்திட்டாரு. ஜனங்க பழசுன்னு நெனைக்கிறாங்கன்னாரு. பெரிய வளையம், கயிறு, பூ இது மட்டும் பண்ண ஆரம்பிச்சாரு. இடது கையை கோட் பாக்கெட்டுலயே வச்சுக்கிட்டுப் பேசுவாரு, ஸ்டைலா இருக்குன்னு நானே சொன்னேன். நடக்கும்போது வலது கை வீசும், இடது கை சும்மா தொங்கும். அம்மா ஙாப்பி வறுத்தா தெருவே மூக்கைப் பொத்தும், அப்பா "என்ன இன்னும் சமைக்கலையா"ன்னு கேட்டாரு, நாங்க ஜோக்குன்னு சிரிச்சோம். ஷோவுக்கு வரிசை எழுதுற நோட்டுல எழுத்து கடுகு மாதிரி ஆயிருச்சு, பேப்பர் மிச்சம் பண்றேன்னாரு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம், ஒவ்வொண்ணும் சிரிப்போட. இருபத்தஞ்சு வருஷம் அவரு பக்கத்துல ஸ்டேஜ்ல நின்னவ நான், எந்தக் கை கள்ளக் கைன்னு பிறந்ததுல இருந்து தெரிஞ்சவ, என்னையே திருப்பிட்டாரு.

தோள் வலின்னு ஒரு டாக்டர்கிட்ட காட்டினோம். தோள் இறுகிப் போச்சுன்னு சொல்லி ஒரு வருஷம் ஊசியும் தைலமும். அந்த டாக்டரை நான் இப்ப திட்டல, தோள் இறுக்கமா ஆரம்பிக்கிறது நெறைய பேருக்கு நடக்குதாம். அப்புறம் வேற ஒரு நரம்பு டாக்டர் அப்பாவை நடக்கச் சொன்னாரு, பேரு எழுதச் சொன்னாரு, விரலைத் தட்டச் சொன்னாரு, பத்து நிமிஷத்துல சொல்லிட்டாரு, பார்கின்சன்.

அதனால கேட்டுக்கிறேன். வீட்ல பெரியவங்க இருந்தா நடுக்கத்துக்காகக் காத்திருக்காதீங்க, நடுக்கம் இல்லாமலே கூட வரும். ஒரு கை மட்டும் வீசாம இருக்கிறது, எழுத்து சின்னதாகிட்டே போறது, வாசனை தெரியாம போறது, மலச்சிக்கல், தூக்கத்துல கை கால் உதறிக் கத்துறது, முகத்துல சிரிப்பு கொறைஞ்ச மாதிரி இருக்கிறது, சட்டை பட்டன் போட நேரம் ஆகுறது. ஒண்ணு மட்டும் இருந்தா பயப்பட வேண்டாம், ஒண்ணுக்கு மேல சேர்ந்தா நரம்பு டாக்டர்கிட்ட போங்க. வீட்டுப் பெரியவங்க சொல்ற சாக்கைக் கேட்காதீங்க, அவங்க கையைப் பாருங்க. பழைய நோட்டு இருந்தா எழுத்தை ஒப்பிட்டுப் பாருங்க. அப்பா நோட்டுல 2009 பக்கத்தையும் 2014 பக்கத்தையும் பக்கத்துல வச்சுப் பார்த்தப்ப எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு, எல்லாம் அங்கயே எழுதி இருந்துச்சு, நான் வரிசையை மட்டும் படிச்சிருக்கேன்.

லெவோடோபா மாத்திரை குடுத்தாங்க. மொத மாசம் அப்பா ஒரு காசை விரல் மேல உருட்டினாரு, அம்மா சாமி ரூமுக்குப் போயிட்டாங்க. ஆனா சில நாள் மாத்திரை வேலையே செய்யாது, ஏன்னு எங்களுக்குப் புரிய எட்டு மாசம் ஆச்சு. மீன், முட்டை, பருப்பு இதோட சேர்த்துப் போட்டா சில பேருக்கு மருந்து சரியா ஏறாதாம், ரெண்டும் குடல்ல ஒரே வாசல் வழியா போகப் போட்டி போடுது. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி போட ஆரம்பிச்சதும் மாறிருச்சு. வயித்தைப் புரட்டினா டாக்டரைக் கேட்டு ஒரு பிஸ்கட்டோட போடலாம். நேரம் தவறக் கூடாது, அப்பா போன்ல அலாரம் வச்சு அதுக்கு "ஷோ டைம்"னு பேரு போட்டிருந்தாரு. இன்னொண்ணு, இந்த மாத்திரையைத் திடீர்னு நிறுத்தவே கூடாது, ஆபத்து. 2021ல ராணுவம் ஆட்சியைப் பிடிச்சதுக்கு அப்புறம் இங்க மருந்துக் கடையில அலமாரி காலியா இருந்த நாளெல்லாம் உண்டு, நாங்க எப்பவும் ரெண்டு மாச மாத்திரை கையில வச்சுக்கிட்டுத்தான் சமாளிச்சோம்.

கஷ்டமானது கால் ஒட்டிக்கிறது. நல்லா நடந்துக்கிட்டு வருவாரு, வாசப்படிகிட்ட வந்ததும் பாதம் தரையில பசை போட்ட மாதிரி நின்னுரும், உடம்பு மட்டும் முன்னாடி சாயும். நாங்க கையைப் பிடிச்சு இழுப்போம், அதுதான் பெரிய தப்பு, இழுத்தா விழுவாங்க. ரெண்டு தடவை விழுந்தாரு. ஒரு நாள் அப்படி நிக்கிறாரு, அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், எனக்கு வேலைக்கு நேரம் ஆச்சு, கோவத்துல என்னையறியாம வந்துருச்சு, "என்ன, காலு வேர் விட்டுருச்சா?"

அப்பாகிட்ட அப்படிப் பேசினதே இல்ல. அம்மா என்னை முறைச்சாங்க. அப்பா சிரிச்சாரு, அந்த முகத்துல சிரிப்பு வந்து ரொம்ப நாளாச்சு. "எண்ணு"ன்னாரு. நான் ஒன்னுன்னேன். இடது கால் எழும்பிச்சு. ரெண்டு. வலது. பதினாறு வரைக்கும் எண்ணி வாசலைத் தாண்டி மாமரம் வரைக்கும் போயிட்டோம்.

டாக்டர்கிட்ட சொன்னப்ப அவரு ஆச்சரியப்படல. தானா நடக்கிற வழிதான் மூளையில கெட்டுப் போயிருக்கு, வெளிய இருந்து தாளமோ கோடோ குடுத்தா வேற வழியா கால் எழும்பும், நெறைய பேருக்கு இது வேலை செய்யும்னாரு. தரையில குறுக்குக் கோடு போட்டு அதைத் தாண்டச் சொல்லணும், இல்ல எண்ணணும், இல்ல கை தட்டணும். நிக்கும்போது இழுக்கக் கூடாது, மொதல்ல முழுசா நிக்க விட்டு, உடம்பு கனத்தை ஒரு கால்ல இருந்து இன்னொரு கால்ல மாத்தச் சொல்லி, அப்புறம் ஒரு பெரிய அடி. இதெல்லாம் அப்பா முற்றத்துல பசங்களுக்கு சொன்னதுதானே. நான் சாக்பீஸ் எடுத்தேன், அழிஞ்சு போச்சுன்னு அப்புறம் மஞ்சள் பெயிண்ட் வாங்கி படுக்கையில இருந்து திண்ணை வரைக்கும் கோடு போட்டேன், அவரு அடி அளவுக்கு. கோடு கோணலா இருக்குன்னு அப்பா கட்டில்ல உக்காந்துக்கிட்டே ரெண்டை அழிச்சுத் திருப்பிப் போடச் சொன்னாரு.

கோயில் கிளாஸை அப்ப நான்தான் எடுத்துக்கிட்டு இருந்தேன். சனிக்கிழமை பசங்க வீட்டுக்கே வருவாங்க, அப்பா திண்ணையில நாற்காலியில உக்காந்து கண்ணாலயே திருத்துவாரு. யாராவது நுனியைப் பார்த்தா கைத்தடியால தரையில தட்டுவாரு. 2022 மழைக்காலத்துல நெஞ்சுல சளி கட்டி நாலு நாள்ல போயிட்டாரு. சாப்பாடு விழுங்க சிரமம் வந்த பிறகு இது அடிக்கடி நடக்கிறதாம், நிமிந்து உக்கார வச்சு, தாடையை லேசா கீழ இறக்கி, சின்னச் சின்ன வாயா குடுக்கணும்னு எங்களுக்கு லேட்டா தெரிஞ்சுது.

பெட்டியைத் திறந்தேன் முப்பதாம் நாளு. பாதி வித்தை எனக்குத் தெரியும், பாதி தெரியாது. ஒரு மரக் குழாய் இருக்கு, நான் அதைக் கையில பிடிச்சு நூறு ஷோவுல நின்னிருக்கேன், அது எப்படி வேலை செய்யுதுன்னு இன்னைக்கும் எனக்குத் தெரியல. உங்க வீட்ல யாருக்காவது கைத்தொழில் இருந்தா போன்ல வீடியோ எடுங்க, முகத்தை எடுக்காதீங்க, கையை எடுங்க. எங்ககிட்ட இருக்கிற வீடியோ எல்லாத்துலயும் அப்பா கேமராவைப் பார்த்து சிரிக்கிறாரு, கை ஃப்ரேமுக்கு வெளிய இருக்கு.

கோட்டை யாருக்கும் குடுக்கல. ஒன்பது பாக்கெட்டையும் துழாவிப் பார்த்தேன், எட்டு காலி. இடது பக்கத்துல மட்டும், அவரு கையை வச்சுக்கிட்டே பேசுவாரே அந்தப் பாக்கெட்டுல, உள்பக்கம் பட்டை மாதிரி ஒரு துணி வச்சுத் தச்சிருந்துச்சு, விரலை நுழைச்சு இறுக்கிப் பிடிச்சுக்கிற மாதிரி. அம்மா தையல்தான், எனக்கு அந்தத் தையல் தெரியும். அம்மாகிட்ட இதுவரைக்கும் கேட்கல.

மஞ்சள் கோடு இன்னும் இருக்கு, நடுவுல தேய்ஞ்சு போச்சு. அம்மா அடுப்படிக்குப் போகும்போது ஒவ்வொண்ணையும் தாண்டித் தாண்டித்தான் போறாங்க.